விடுவதற்குத்தான் காசு

மீமிசல்
20 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அருள்மணி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடுதான் ஹோட்டல் சாப்பாடு. நீங்களும் மடத்துச் சிஸ்டர்களும் சௌக்கியம்தானே? ஆவூரில் அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது, "மடத்துல போன் குடுக்க மாட்டாங்க. அக்காவுக்கு எழுதாம இருந்துறாத" என்று இரண்டு தடவை சொன்னாள். அதனால் முதல் சம்பளத்துக்கு முன்பே முதல் கடிதம்.

என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். கடல் பசுவைக் காப்பாற்றும் வேலை. இந்தக் கரையோரம் கடல் ஆழமில்லை. அடியில் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்தப் புல்லை மேய்ந்து வாழும் பெரிய உயிர் அது. மீனவர்கள் ஆவுளியா என்கிறார்கள். மீன் இல்லை, நம்மைப் போல மூச்சு விடுவதற்கு மேலே வந்தாக வேண்டும். திருக்கைக்குப் போடும் பெரிய கண் வலையில் சிக்கிக்கொண்டால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்துவிடும். வலையை அறுத்து அதை உயிரோடு விட்டு, விடுவதை வீடியோ எடுத்துக் காட்டும் படகுக்காரருக்கு எங்கள் அறக்கட்டளை வெகுமதி கொடுக்கிறது. வீடியோவைச் சரிபார்த்துச் சென்னை ஆபீசுக்கு அனுப்புவது என் பொறுப்பு.

போன வியாழக்கிழமை செல்லமுத்து அண்ணன் என்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர். அவர் மனைவி சொர்ணம் அண்ணியும் வந்தார். போனில் படம் எடுப்பது அவர்தான். வலையை இழுத்துக்கொண்டே வந்த அண்ணன் சட்டென்று நிறுத்தி, "அசையாம உக்காருங்க தம்பி" என்றார்.

தண்ணீருக்குள் ஒரு பாறை நகர்வது போலிருந்தது. பாறை மேலே வந்தது. அக்கா, நம் வீட்டு எருமையைவிடப் பெரியது. மூக்கில் மூடி போட்ட இரண்டு துளைகள். அந்த மூடிகள் திறந்தன. ஒரு மூச்சு விட்டது பாருங்கள், சூடாக, புல் வாடையோடு, என் கன்னத்தில் வந்து பட்டது. கண் இலந்தைப்பழ அளவுதான். அந்தக் கண் என்னைப் பார்த்தது. வாலின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. எப்போதோ ஏதோ படகின் விசிறி வெட்டியிருக்கும் என்றார் அண்ணன். அதன் துடுப்புக் கையடியில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி.

அண்ணன் கத்தியால் வலையை அறுத்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சலசலப்பும் இல்லாமல் தண்ணீரில் கரைந்து போனது. ஞானோபதேச வகுப்பில் 'படைப்பு' என்று எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறோம். அந்தச் சொல் எனக்கு அன்றுதான் விளங்கியது.

உங்கள் ஜெபத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
அருள்மணி

•

திண்டுக்கல்
14 ஜூலை 2024

பிரியமுள்ள அருளுக்கு,

மாதா உன்னைக் கடலிலும் கரையிலும் காப்பாளாக. நான் நலம். அம்மாவின் காலுக்கு எண்ணெய் மட்டும் போதாது, திருச்சிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டு.

உன் கடிதத்தை மாலைப் பொழுதுபோக்கு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஜாஸ்பின் என்று புதிதாக வந்திருக்கும் ஒரு சிஸ்டர், "அது பால் குடுக்குமா? மடி எங்க இருக்கும்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. மடி எங்கே இருக்கும் என்று நாங்களும் யோசிக்க ஆரம்பித்துவிட்டோம்.

நான் வேளாங்கண்ணியில் முட்டளவு தண்ணீரில் நின்று கடலைப் பார்த்தவள். உள்ளே புல்வெளி இருக்கிறது, அதில் ஒரு தாய் குட்டியோடு மேய்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மறுநாள் பூசைக்கான ஓஸ்தி அப்பம் சுடும்போது மாவு பொங்கி அடங்கும் சத்தம்கூட எனக்கு மூச்சு விடுவது போலக் கேட்டது. கோவில்களுக்கு அனுப்ப வேண்டிய ஓஸ்தியில் கொஞ்சம் கருகிவிட்டது. அந்தப் பாவம் உன்னைச் சேரட்டும்.

அந்தத் தாயும் குட்டியும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

உன் அக்கா,
அடைக்கலமேரி

•

மீமிசல்
25 ஆகஸ்ட் 2024

அன்பு அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன், வெயிலில் கறுத்துப்போயிருக்கிறேன். ஜாஸ்பின் சிஸ்டரிடம் சொல்லுங்கள்: பால் கொடுக்கும், மடி கையடியில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய உடம்பு கத்துவது சிட்டுக்குருவி மாதிரி. போன வாரம் படகடியில் காதை வைத்துக் கேட்டேன். கீச் கீச்சென்று குட்டியைக் கூப்பிடுகிறது.

இங்கே நல்ல காலம். நான் வந்தபோது மாதம் ஒன்று விட்டாலே அதிகம் என்றார்கள். இப்போது வாரம் தவறுவதில்லை. செல்லமுத்து அண்ணனைப் பார்த்து நாகராசு என்று இன்னொருவரும் இறங்கியிருக்கிறார். எல்லாக் கரைகளையும்விட எங்கள் குப்பம்தான் முதலில் நிற்கிறது என்று புவனேஸ்வரி மேடம் சென்னையிலிருந்து பாராட்டினார். அவர்தான் எங்களுக்கு மேலதிகாரி. இந்த மாதம் முதல் ஒவ்வொரு விடுவிப்புக்கும் எனக்கும் சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை உண்டு. அம்மாவைத் திருச்சியில் காட்டினேன். முழங்காலில் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குள் செய்துவிடலாம்.

எண்ணிக்கை கூடியதால் ஆபீஸ் தரத்தையும் கேட்கிறது. முகம், இரண்டு பக்கம், வால் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கிய வீடியோவுக்குப் பணம் கிடையாது. அதைச் சொன்னபோது செல்லமுத்து அண்ணன் யோசித்தார்.

"அப்படின்னா ரொம்ப நேரம் புடிச்சு வைக்கணுமே தம்பி."

"கொஞ்ச நேரந்தானே அண்ணே. வாலுல கயித்தப் போட்டு நிறுத்திக்கலாம்."

"சரி. நீங்க சொன்னாச் சரி" என்றார்.

மாதாவின் பிறந்தநாளுக்கு ஆவூர் போகிறேன். உங்கள் பேரைச் சொல்லியும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

அருள்மணி

•

திண்டுக்கல்
20 செப்டம்பர் 2024

அருளுக்கு,

ஆண்டவருடைய அமைதி உன்னோடு இருப்பதாக. மெழுகுவர்த்திக்கு நன்றி. இங்கே மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்து போனது, எனக்கு இல்லை.

மடத்துக்கு வருவதற்கு முன் நான் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனது உனக்கு நினைவிருக்கும்; நீ அப்போது பள்ளிக்கூடப் பையன். முதலில் ஷிப்டுக்குச் சம்பளம். எங்கள் லைனில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். பிறகு பீஸ் ரேட் வந்தது. ஒரு பீசுக்கு இவ்வளவு என்று ஆனதும் தண்ணீர் குடிக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. நானே காலர் தைத்த வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். உடம்புக்குள் அவ்வளவு வேகம் இருந்தது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றுகூட நினைத்தேன். ஆனால் செக்கிங் மேசையில் தையல் விட்ட பனியன்கள் குவிந்தன. முதலாளி யோசித்தார். செக்கிங் பார்க்கும் பெண்ணுக்கும் பாஸ் ஆகும் பீசுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டார். ஒரே வாரத்தில் குவியல் காணாமல் போனது. தையல் ஒன்றும் நன்றாகிவிடவில்லை, அருள். குவியல்தான் மறைந்தது.

உன் கடிதத்தைப் படித்ததும் ஏனோ அந்தப் பெண் ஞாபகம் வந்தாள்.

ஒன்று கேட்கிறேன். வாரம் ஒன்று என்றால் அவ்வளவு உயிர்களும் வேறு வேறா? வாலில் துண்டு இல்லாத அந்தத் தாயை மறுபடியும் பார்த்தாயா?

ஜெபத்தில் நினைக்கிறேன்.

அக்கா

•

மீமிசல்
30 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. வாடைக் காற்று தொடங்கினால் படகுகள் பாதி நாள் கரையில்தான். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். பங்குச் சாமியார் மதருக்குப் போன் செய்ததாகச் சொன்னார். இப்போது கோல் ஊன்றிக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள். உங்கள் பனியன் கம்பெனிக் கதையைப் படித்துக் காட்டினேன். "அவ அப்பவே வெறி புடிச்ச மாதிரி வேலை பாப்பா" என்று சிரித்தாள்.

கந்தர்வக்கோட்டைச் சித்தப்பா முந்திரிக் கன்று வைத்திருக்கிறார். வேறு விசேஷம் இல்லை. கடல் இப்போது சாணிக் கரைசல் நிறத்தில் இருக்கிறது. அதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வேலை நன்றாகப் போகிறது.

அருள்மணி

•

திண்டுக்கல்
24 நவம்பர் 2024

அருளுக்கு,

அம்மா நடப்பது கேட்டுச் சந்தோஷம். அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை.

நான் கேட்ட கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. எழுத மறந்திருந்தால் எழுது. மறக்கவில்லை என்றால், உனக்கு எப்போது எழுத முடியுமோ அப்போது எழுது.

மழையில் நனையாதே.

அக்கா

•

மீமிசல்
10 மார்ச் 2025

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு நான் வாழ்த்து அட்டை மட்டும் அனுப்பினேன். நீங்களும் வாழ்த்து மட்டும் எழுதினீர்கள். திருநீற்றுப் புதனோடு தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று தெரிந்தே இன்று எழுதுகிறேன். உடனே உங்களிடமிருந்து பதில் வந்தால் அதைப் பிரிக்க எனக்குத் தைரியம் இருக்காது.

நீங்கள் கேட்ட அன்றே வீடியோக்களை எல்லாம் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் அந்த வால்தான். பிறை வெட்டு. அப்போது அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்திருந்தார்கள். ஆபீசுக்கு ஒன்றும் எழுதவில்லை. உங்களுக்கும் எழுதவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் செல்லமுத்து அண்ணன் போன் செய்தார். ஒன்று மாட்டியிருக்கிறது, கேமராவோடு வாங்க என்றார். அதற்கு முன் அவர் அனுப்பிய வீடியோவில் வால் தெரியவில்லை என்று ஆபீஸ் திருப்பிவிட்டிருந்தது. அடுத்ததை நானே வந்து எடுக்கிறேன் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். நான் கோட்டைப்பட்டினத்தில் இருந்தேன். பைக்கில் வந்து, நாகராசு படகைக் கேட்டு வாங்கிப் போய்ச் சேர வெகு நேரம் ஆகிவிட்டது.

கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. வாலில் கயிறு போட்டு, மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி படகோடு சேர்த்துப் பத்திரமாகத்தான் நிறுத்தியிருந்தார்கள். அது மூச்சு விடுவதைச் சொர்ணம் அண்ணி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் கேமராவை எடுத்து முகம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று வரிசையாகப் பிடித்தேன். வால். பிறை வெட்டு. அண்ணன் கயிற்றை அவிழ்த்தார். அது போகவில்லை.

படகைச் சுற்றி வந்தது. முங்கியது. மறுபடி வந்தபோது அதன் மூக்கின் மேல் குட்டி இருந்தது. குட்டியின் உடம்பில் வலை சுற்றியிருந்தது. வலையின் அடித் தொங்கலில் அது சிக்கியிருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. தாயை நாங்கள் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்த நேரம் முழுக்க அது கீழே இருந்திருக்கிறது.

அண்ணன் எட்டி வலையை அறுத்தார். குட்டி சரிந்து முங்கியது. தாய் கீழே போய் மறுபடி தூக்கிக்கொண்டு வந்தது. மூக்கு தண்ணீருக்கு வெளியே வரும் உயரத்துக்குத் தூக்கும். கொஞ்சம் வைத்திருக்கும். சரியும். மறுபடி போய்த் தூக்கும்.

"என்ன பண்ணுது அது?" என்று கேட்டேன்.

"மூச்சு விடட்டும்னு தூக்குது" என்றார் அண்ணி.

என் கையில் கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அண்ணன் திரும்பிப் பார்த்து, "அத நிப்பாட்டுங்க தம்பி" என்றார். நிறுத்தினேன்.

"இது எத்தனையாவது தடவை அண்ணே?"

"கணக்கு உங்ககிட்டதானே இருக்கு."

கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "விடுறதுக்குத்தான் காசுன்னு சொன்னீங்க. புடிச்சாத்தானே விட முடியும். புல்லுத் தரையா பாத்து வலையப் போட்டேன். ஒரு தடவகூட அதச் சாக விட்டதில்ல தம்பி. பிள்ளையத் தூக்குற மாதிரிதான் தூக்கி விட்டேன்."

அது உண்மை. அவருடைய கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பொழுது சாயும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். அது ஓயவில்லை. எங்கள் படகையோ எங்களையோ அது திரும்பியே பார்க்கவில்லை. பயந்தால் ஓடிப்போகும், கோபம் வந்தால் மோதும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அதற்கு எங்களோடு ஒரு விவகாரமும் இல்லை. அவ்வளவு பெரிய கடலில் அதற்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கோவிலில் இருப்பது போல இருந்தது. முழங்கால் போடவும் யோக்கியதை இல்லாதவன் போலவும் இருந்தது.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் இப்போது கோல் இல்லாமல் நடக்கிறாள்.

அருள்மணி

•

மீமிசல்
4 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்களிடமிருந்து பதில் வராது என்று தெரிந்தும் தபால்காரரைப் பார்க்கிறேன்.

ஆபீசுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். ஆபீஸ் கொண்டாடிய எண்ணிக்கை அவ்வளவும் இரண்டு மூன்று உயிர்கள்தான். அவற்றைப் பிடிக்கவும் பிடித்து வைத்திருக்கவும் நாம்தான் காசு கொடுத்திருக்கிறோம் என்று எழுதினேன். எனக்கு எப்போது தெரியும் என்பதையும் எழுதினேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன்.

புவனேஸ்வரி மேடம் நேரில் வந்தார். நான் கடைசியாக எடுத்த வீடியோவை வலைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்கள எப்படித் திட்டுறது அருள்மணி? நானும் மேல இருக்கிறவங்களுக்கு நம்பர் அனுப்புறவதான். நம்பர் ஏறுனப்ப ஏன்னு கேக்கலையே நான்."

மறுநாள் ஊர்க் கூட்டம். இனிமேல் பிடித்து விட்டதற்குப் பணம் இல்லை என்று மேடம் சொன்னதும் சலசலப்பு. ஒரு மாதம் முழுக்கப் புல்லுத் தரையில் யாருமே திருக்கை வலை போடாமல் இருந்தால் ஊர்ப் பொதுவுக்கு ஒரு தொகை. ஒருத்தர் போட்டாலும் அந்த மாதம் ஊருக்கே இல்லை என்றார்.

நாகராசு எழுந்தார். "வேலை பாத்தவனுக்குக் காசு குடுத்தீங்க, சரி. வேலை பாக்காம கரையில கெடக்குறவனுக்கும் சேத்துக் காசுன்னா, நான் எதுக்கு முழிச்சுக் கெடக்கணும்?"

நியாயமான கேள்வி.

செல்லமுத்து அண்ணன் உட்கார்ந்தபடியே, "முழிச்சுக் கெடந்துதான் அதக் கொன்னோம்" என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லையாம். குட்டியைத் தூக்கியதைச் சொல்லும்போது இரண்டு கையையும் ஏந்திக் காட்டினார். கை தானாக இறங்கியது, மறுபடி ஏந்தினார். பெண்கள் பக்கம் யாரோ அழுதார்கள். கூட்டம் சரி என்றது. நாகராசு எழுந்து போய்விட்டார்.

என் ஊக்கத்தொகையும் நின்றது. நான்தான் கேட்டேன்.

பெரிய வியாழன் பூசைக்கு ஆவூர் போவேன்.

அருள்மணி

•

திண்டுக்கல்
22 ஏப்ரல் 2025

என் அருளுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உன்னிடம் வரட்டும். தவக்காலத்தில் வரும் கடிதங்களை மதர் எடுத்து வைத்துப் பாஸ்கா அன்று தருவார். உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கைக்கு வந்தன.

முதல் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டாவதைப் பிரிக்க எனக்கு ஒரு நாள் ஆனது. அந்த முதல் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டவில்லை. மதரிடம் மட்டும் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்துத் தந்தார். இரவு ஜெபத்தில், பிள்ளையை இழந்த தாய்மார்களுக்காக என்று ஒரு வேண்டுதலைச் சேர்த்தார். எந்தத் தாய் என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

இங்கே நாங்கள் கூலி இல்லாமல் வேலை செய்கிறோம், எங்களுக்கு எண்ணிக்கை கிடையாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது உண்மையில்லை. எத்தனை ஓஸ்தி உடையாமல் வந்தது என்று நான் மனதுக்குள் எண்ணுகிறேன். பக்கத்து மேசையில் ஜாஸ்பின் எத்தனை உடைத்தது என்றும் எண்ணுகிறேன். யாரும் கேட்காமலே எண்ணுகிறேன். அதனால் உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ எழுதினாய்.

அந்தத் தாய் பிறகு எங்கே போனது?

அக்கா

•

மீமிசல்
12 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

சுகம். அம்மா மாதாந்திரத் திருயாத்திரைக்கு நடந்தே போய் வந்தாள், பார்த்தவர்கள் திட்டினார்கள். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கோபத்தைச் சொன்னதற்கு நன்றி.

அது எங்கே போனது என்று தெரியாது. இரண்டு நாள் அதே இடத்தில் இருந்ததாம். பிறகு குட்டியையும் காணோம், அதையும் காணோம்.

என் அறிக்கையில் இப்போது விடுவிப்பு இல்லை, விடுவிப்பு இல்லை என்றுதான் மாதாமாதம் எழுதுகிறேன். சென்னையில் சிலர், அங்கே ஆள் எதற்கு என்று கேட்கிறார்களாம். வேலை நன்றாக நடந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்று மேடம் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மே மாதம் நாகராசு புல்லுத் தரையில் வலை போட்டுவிட்டார். ஊருக்கு அந்த மாதத் தொகை இல்லை. யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. சொர்ணம் அண்ணி மட்டும் அவர் வீட்டு வாசலில் போய், "அந்தக் காசுல ஐஸ் பெட்டி வாங்க ஊரே காத்துக்கிட்டு இருந்துச்சு. அடுத்த மாசம் வாங்கிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஜூனில் அவர் போடவில்லை.

அக்கா, நேற்று நான் முதல் தடவையாகக் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினேன். இத்தனை நாளும் மேலிருந்தே பார்த்திருக்கிறேன். கீழே வெயில் விழுந்து புல் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறது. அதற்குள் நீள நீளமாக உழுத சால்கள். நம் வயலில் ஏர் ஓட்டியது போலவே. மேய்ந்த தடம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, எவ்வளவு தூரம் பார்த்தாலும் சால். புதுசு, இன்னும் மண் கலங்கல் அடங்கவில்லை. ஒரு உயிரையும் நான் பார்க்கவில்லை. வயல்காரர் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் என்பது போல இருந்தது. மேலே வந்து மூச்சு விடவே மறந்துபோனேன்.

அருள்மணி

•

திண்டுக்கல்
6 ஆகஸ்ட் 2025

அருளுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். சால் ஓடிய கடிதத்தை வாசித்துக் காட்டினேன். உழவர் வீட்டுப் பிள்ளைகள்தான் இங்கே அதிகம். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

வேலை நிலைக்குமா? எப்படியானாலும் உடனே தெரியப்படுத்து.

அக்கா

•

மீமிசல்
19 அக்டோபர் 2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் உடல்நலத்தை நல்ல ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குச் சளி, அவ்வளவுதான். வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு தெரியாது.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன வாரம் சொர்ணம் அண்ணி மீன் கொடுக்க வந்தவர், பேச்சுவாக்கில், "அவரு கை இன்னும் ஆறல. அன்னிக்கி ஆவுளியா கயித்துல கிழிச்சது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட சொல்லலையா?" என்று பேச்சை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். உள்ளங்கையில் நீளமாக ஆறாத புண். கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு வேலையை நிறுத்தாமலே சொன்னார்.

ஒரு மாதத்துக்கு முன், விடியலில் தனியாக நண்டு வலை எடுக்கப் போயிருக்கிறார். மிதவைக் கயிறு ஓர் ஆவுளியாவின் வாலைச் சுற்றிக்கொண்டு அதை அடியிலேயே இழுத்து வைத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது வலையின் மொத்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டியிருந்தது. இவர் குதித்திருக்கிறார். கத்தி கை நழுவி அடியில் போய்விட்டது.

"கையாலதான் அவுத்தேன். முடிச்சு இறுகிக் கெடந்துச்சு. நான் முங்கிப் புடிச்சு ரெண்டு சுத்து அவுக்குறதுக்குள்ள அதுக்கு மூச்சு முட்டிரும். மேல போகும். நானும் கூடவே போவேன். அது மூச்சு விடும், நானும் விடுவேன். ரெண்டு பேரும் கீழ போவோம். இப்படியே போய்க்கிட்டு இருந்தோம். ஒரு கட்டத்துல யாரு யாருக்காக மேல வாரோம்னே தெரியல தம்பி. அதோட நெஞ்சு அடிக்கிறது எனக்குத் தோள்ல கேட்டுச்சு. மெதுவா. ரொம்ப மெதுவா அடிக்குது. என்னோடது அந்த நேரத்துல படபடன்னு அடிக்குது."

"அவுந்ததும்?"

"போகல. கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னுச்சு. எனக்காக இல்ல, களைச்சுப் போயிருக்கும். வயிறு பெருசா இருந்துச்சு. பெறகு போயிருச்சு."

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா எழுதுவீங்க."

"எழுதுனா என்ன? இப்பத் தனி ஆளுக்குக் காசு கிடையாதே."

"மேடம் நல்லவங்க. எதாவது பண்ணிக் குடுத்துருவாங்க." ஊசியை வலைக் கண்ணுக்குள் விட்டு இழுத்தார். "குடுத்தா நான் வாங்கிக்குவேன் தம்பி. வேணாம்னு சொல்ற ஆளு இல்ல நான். அதான் சொல்லல."

அலை காலடி வரை வந்து போனது. நான் அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த கிழிசலுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

இந்த மாத அறிக்கையை நேற்று அனுப்பிவிட்டேன். விடுவிப்பு இல்லை.

அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தம்பி,
அருள்மணி